மலைச்சிங்கம் உலவும் குன்றடிவாரத்தில் வீடும் தோட்டமும் பேணும் முறை

கலிபோர்னியாவில் சான்டா குரூஸ் மலைத்தொடரின் அடிவாரத்திலுள்ள கூப்பர்டினோ, சாரடோகா, லாஸ் கேட்டோஸ் போன்ற ஊர்களில் தமிழ்க் குடும்பங்கள் பல குடியேறியுள்ளன. வீட்டு வாசலில் பொருத்திய கேமராவில் பின்னிரவு நேரத்தில் நீண்ட வாலுடைய பழுப்பு நிற விலங்கொன்று காரைச் சுற்றிக் கடந்து போகும் காட்சி பதிவாவதும், விடிவதற்குள் அது தெருவின் வாட்ஸ்அப் குழு முழுவதும் பரவுவதும், குழந்தைகளை இனி வெளியே விடலாமா என்ற கவலை எழுவதும் அங்கே அடிக்கடி நிகழ்பவை. நடைபாதைகளின் தொடக்கத்தில் ‘மவுண்டன் லயன்’ என்று எச்சரிக்கைப் பலகையில் எழுதியிருப்பது இந்த மலைச்சிங்கத்தைத்தான். பியூமா என்றும் கூகர் என்றும் அதைச் சொல்வார்கள்.

நேருக்கு நேர் பார்த்துவிட்டால் என்ன செய்வது என்பதைத்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். அதற்கும் விடை உண்டு. கீழே விரிவாகவே எழுதியிருக்கிறேன். ஆனால் அப்படி ஒரு நிலை வராமல் தடுக்கும் வேலையில் பெரும்பகுதி வீட்டுத் தோட்டத்திலும், ஆட்டுக் கொட்டிலிலும், எலிக்கு வைக்கும் மருந்திலும், நடைப்பயிற்சிக்குப் புறப்படும் நேரத்திலும்தான் அடங்கியிருக்கிறது. மனிதருக்கும் இந்த விலங்குக்கும் இடையே நடக்கும் மோதல்களில் மிகப் பெரும்பாலானவை வளர்ப்பு விலங்குகளைச் சார்ந்தவை. அவற்றின் முடிவில் இறப்பது பெரும்பாலும் ஓர் ஆடும், பிறகு அந்த மலைச்சிங்கமும்தான். இரண்டையும் காப்பாற்ற முடியும் என்பதை நான் உறுதியாக நம்புகிறேன்.

விலங்கின் இயல்பு

வடக்கே கனடாவின் யூகான் பகுதி முதல் தெற்கே சிலி நாட்டின் கோடி வரை இந்த இனம் பரவியிருக்கிறது. வளர்ந்த ஆண் ஏறத்தாழ 60 முதல் 70 கிலோ வரையும், பெண் 30 முதல் 40 கிலோ வரையும் எடை இருக்கும். ஓர் ஆண் தனக்கென வைத்திருக்கும் எல்லை 250 சதுர கிலோமீட்டரைத் தாண்டுவதும் உண்டு. அந்த எல்லைக்குள் இன்னோர் ஆணை அது பொறுத்துக்கொள்வதில்லை. குட்டிகள் தாயுடன் ஒன்றரை ஆண்டு அளவில் இருந்துவிட்டுப் பிரிகின்றன. அப்படிப் பிரிந்து, சொந்த எல்லை தேடி அலையும் இளம் ஆண்களே ஊர்ப்புறங்களில் திடீரென்று தென்படுபவற்றில் பல. வழி தெரியாமல், வேட்டையில் போதிய தேர்ச்சியும் இல்லாமல், நெடுஞ்சாலைகளுக்கு நடுவே அவை சிக்கிக்கொள்கின்றன.

முதன்மையான இரை மான். சராசரியாக வாரத்திற்கு ஒரு மான் என்று கணக்கிடலாம். பதுங்கியிருந்து பின்புறமாகப் பாய்ந்து கழுத்தைக் கவ்வுவதே அதன் வேட்டை முறை. நெடுந்தொலைவு துரத்தி ஓடும் வலு அதற்கு இல்லை. இந்த ஒரு செய்தியை மனத்தில் வைத்துக்கொண்டால் கீழே வரும் அறிவுரைகளில் பாதிக்குக் காரணம் தானாகவே விளங்கும்.

மனிதரைக் கண்டு அது எவ்வளவு அஞ்சுகிறது என்பதை சான்டா குரூஸிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அழகாக நிறுவியிருக்கிறார்கள். கொன்ற மானைத் தின்றுகொண்டிருக்கும் மலைச்சிங்கத்தின் அருகே ஒலிபெருக்கியை மறைத்து வைத்து, ஒருமுறை மனிதர் பேசும் குரலையும் ஒருமுறை தவளைகள் கத்தும் ஒலியையும் ஒலிக்கச் செய்தார்கள். தவளை ஒலியை அது பொருட்படுத்தவில்லை. மனிதக் குரல் கேட்டதும் பெரும்பாலும் இரையை விட்டு ஓடியது. இதே ஆய்வுக் குழுவின் முந்தைய ஆய்வொன்றில், வீடுகள் நெருங்கிய பகுதிகளில் வாழும் பெண் விலங்குகள் மற்ற இடங்களில் வாழ்பவற்றைவிட 36 விழுக்காடு கூடுதலாக மான்களைக் கொன்றது தெரியவந்தது. மனித நடமாட்டத்துக்கு அஞ்சிப் பாதி தின்ற இரையை விட்டுவிட்டுப் போய், மறுபடியும் வேட்டையாட வேண்டியிருப்பதே காரணம். அந்த அச்சம் நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பெரிய பாதுகாப்பு. அதைக் குலைக்கும் எதையும் செய்யலாகாது. படம் எடுப்பதற்காக அருகே செல்வதும், இறைச்சி வைத்து வரவழைப்பதும், வேலிக்கு அப்பால் நிற்பதை ஓசையில்லாமல் வேடிக்கை பார்ப்பதும் அதை நம்மிடம் பழக்கிவிடும்.

அபாயம் எவ்வளவு

கலிபோர்னியாவில் 1994ஆம் ஆண்டில் இருவரும், 2004இல் ஒருவரும் மலைச்சிங்கத்தால் உயிரிழந்தார்கள். அதன் பிறகு 20 ஆண்டுகள் ஒருவரும் இறக்கவில்லை. 2024 மார்ச்சில் எல் டொராடோ மாவட்டத்தில் 21 வயது இளைஞர் ஒருவர் உயிரிழந்தார். உடன் சென்ற அவருடைய தம்பி காயங்களுடன் தப்பினார். ஏறத்தாழ 4 கோடி மக்கள் வாழும் மாநிலத்துக்கு இது மிகச் சிறிய எண்ணிக்கை. ஆனால் இறப்பில் முடியாத தாக்குதல்களைப் பார்த்தால் ஒரு செய்தி கண்ணில் படுகிறது. 2020 பிப்ரவரியில் கூப்பர்டினோவை ஒட்டிய ராஞ்சோ சான் அன்டோனியோ காப்பு வெளியில், பெரியவர்களோடு நடந்து சென்ற 6 வயதுச் சிறுமியைப் புதரிலிருந்து வந்த மலைச்சிங்கம் கவ்வியது. உடனிருந்த பெரியவர் ஒருவர் அதைத் தள்ளி விரட்டினார். 2021 ஆகஸ்டில் கலபாசாஸ் அருகே வீட்டு முன் விளையாடிக்கொண்டிருந்த 5 வயதுச் சிறுவனையும், 2024 செப்டம்பரில் மாலிபு கிரீக் மாநிலப் பூங்காவில் இன்னொரு 5 வயதுச் சிறுவனையும் தாக்கியது. கலபாசாஸில் உள்ள மாலிபு வெங்கடேசுவரர் கோயிலுக்குச் செல்லும் நம்மவர் பலரும் அறிந்த சாலையில்தான் அந்தப் பூங்காவும் இருக்கிறது. மூன்று குழந்தைகளும் பிழைத்தார்கள். மூன்றிலும் பெரியவர்கள் கைக்கெட்டும் தொலைவிலோ கூப்பிடு தொலைவிலோ இருந்தார்கள்.

ஆகவே பெரியவர்கள் தங்களைப் பற்றி அளவுக்கு மீறி அஞ்ச வேண்டியதில்லை. சிறு குழந்தைகள், வளர்ப்பு நாய் பூனைகள், ஆடு கோழிகள் ஆகிய மூவகையினரைப் பற்றித்தான் திட்டமிட வேண்டும்.

தோட்டம்

மான் வரும் இடத்துக்கு மலைச்சிங்கமும் வரும். மான் அழகாக இருக்கிறது என்பதற்காகப் பழத்தோல், கேரட், மீந்த ரொட்டி ஆகியவற்றைக் கொல்லைப்புறத்தில் வைக்கும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. கலிபோர்னியாவில் மானுக்குத் தீனி வைப்பது சட்டப்படி குற்றம். வாயில்லா உயிருக்கு உணவிடுவதைப் புண்ணியமாகக் கருதும் நம் பெரியவர்களிடம் இதைப் பொறுமையாக எடுத்துச் சொல்ல வேண்டும். அந்த மானைத் தொடர்ந்து எது வரும் என்பதைச் சொன்னால் அவர்களே நிறுத்திவிடுவார்கள். மரத்தடியில் விழுந்து கிடக்கும் ஆப்பிள், பேரி, பிளம் பழங்களையும் மாலைக்குள் பொறுக்கி அகற்றிவிட வேண்டும். ரோஜாவையும் காய்கறிச் செடிகளையும் மான் விரும்பித் தின்னும் என்பதால் அவற்றுக்கு உயரமான வலைவேலி போடுவது நல்லது. லாவெண்டர், ரோஸ்மேரி போன்ற மணமுள்ள செடிகளை மான் பெரும்பாலும் சீண்டுவதில்லை. திறந்த பகுதியில் அவற்றை நடலாம்.

வாசற்கதவிலிருந்து கார் நிற்கும் இடம் வரையிலும், குழந்தைகளின் ஊஞ்சலைச் சுற்றிலும் புதரை வெட்டி வெளியாக வைத்திருங்கள். பதுங்கிப் பாயும் விலங்குக்கு மறைவிடமே முதல் தேவை. முழங்கால் உயரப் புல்லே அதற்குப் போதும். ஊஞ்சலும் மணல்தொட்டியும் வேலியோரப் புதருக்குப் பக்கத்தில் இருந்தால் இந்த வார இறுதியிலேயே அவற்றை வீட்டுச் சுவரை ஒட்டி, சமையலறைச் சன்னலிலிருந்து பார்வை படும் இடத்துக்கு மாற்றிவிடுங்கள். பொழுது சாய்ந்தபின் சிறு குழந்தைகளைத் தோட்டத்தில் தனியே விடக்கூடாது. ஆளசைவு கண்டு எரியும் விளக்குகள் நடைபாதையில் உதவும். அவை விலங்கை விரட்டும் என்பதைவிட, அங்கே எது நிற்கிறது என்பதை உங்களுக்குக் காட்டும் என்பதே உண்மையான பயன்.

வீட்டுக்கு அடியிலும் மரத்தளத்துக்கு அடியிலும் உள்ள வெற்றிடங்களைக் கம்பி வலை கொண்டு அடைக்க வேண்டும். லாஸ் ஏஞ்சலஸ் நகரின் கிரிஃபித் பூங்காவில் 2012 முதல் தனியாக வாழ்ந்த பி-22 என்னும் புகழ்பெற்ற மலைச்சிங்கம், 2015இல் லாஸ் ஃபீலிஸ் பகுதியில் ஒரு வீட்டின் அடித்தளச் சந்துக்குள் புகுந்து படுத்துக்கொண்டது. ஆட்கள் சூழ்ந்து நின்றவரை அது வெளியே வரவில்லை. எல்லோரும் விலகிப் போனபின் இரவில் தானே எழுந்து பூங்காவுக்குத் திரும்பிவிட்டது. அடைப்பதற்கு முன் உள்ளே எதுவும் இல்லை என்பதை டார்ச் விளக்கு அடித்து உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

எலி மருந்து

இது மலைச்சிங்கத்தோடு தொடர்பில்லாத செய்தி போலத் தோன்றலாம். ஆனால் இதற்கு நான் சற்று இடம் ஒதுக்குவதற்குக் காரணம் உண்டு. இரத்தம் உறைவதைத் தடுக்கும் வகை எலி மருந்தைத் தின்ற எலி உடனே சாவதில்லை. சில நாள் தள்ளாடித் திரிகிறது. அதை நரியோ காட்டுப்பூனையோ தின்கிறது. அதை மலைச்சிங்கம் தின்கிறது. ஒவ்வொரு படியிலும் நஞ்சு கல்லீரலில் சேர்ந்துகொண்டே போகிறது. சான்டா மோனிகா மலைகளில் 2002 முதல் தேசியப் பூங்காத் துறை நடத்திவரும் ஆய்வில் பரிசோதிக்கப்பட்ட மலைச்சிங்கங்களில் ஏறத்தாழ எல்லாவற்றின் உடலிலும் இந்த நஞ்சு காணப்பட்டது. பி-22 2014இல் சொறிநோயால் முடி உதிர்ந்து எலும்பும் தோலுமாகக் கிடந்தபோது அதன் இரத்தத்திலும் அதுவே இருந்தது. நோயுற்று மெலிந்த விலங்கு மானைப் பிடிக்க முடியாமல் எளிதான இரையைத் தேடி வீடுகளை நெருங்குகிறது என்பதால், இது நம் பாதுகாப்போடும் நேரடியாகத் தொடர்புடையது.

இவ்வகை மருந்துகளில் வலிமை மிகுந்தவற்றின் பயன்பாட்டுக்கு 2021 தொடக்கத்திலிருந்து கலிபோர்னியாவில் கடும் கட்டுப்பாடு விதிக்கப்பட்டது. பிற்பாடு சட்டம் மேலும் இறுக்கப்பட்டது. இருந்தாலும் குடியிருப்புச் சங்கங்கள் அமர்த்தும் பூச்சி ஒழிப்பு நிறுவனம் சுவரோரக் கறுப்புப் பெட்டிகளில் எதை வைக்கிறது என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது உங்கள் உரிமை. அடுத்த கூட்டத்தில் அந்தக் கேள்வியை எழுத்தில் கொடுங்கள். நஞ்சுக்கு மாற்றாக, கூரைக்கும் சுவருக்கும் இடையிலுள்ள ஓட்டைகளை எஃகு வலையால் அடைப்பதும், அடித்துக் கொல்லும் பழைய வகை எலிப்பொறியை வைப்பதும், பறவைத் தீனியைச் சிந்தாமல் பார்த்துக்கொள்வதும் போதுமானவை.

நாயும் பூனையும்

பூனையை வீட்டுக்குள்ளேயே வளர்க்க வேண்டும். நாயை அந்தி முதல் விடியல் வரை வெளியே கட்டிவைக்கக் கூடாது. சங்கிலியில் கட்டிய நாய்க்குத் தப்பிக்கும் வழியே கிடையாது. ஆறடி மரவேலி நாயை உள்ளே வைத்திருக்குமே தவிர, நின்ற நிலையிலிருந்து நாலரை மீட்டர் உயரம் வரை எழும்பக்கூடிய விலங்கை வெளியே நிறுத்தாது. நாயின் தீனித் தட்டையும் இரவில் உள்ளே எடுத்துவிடுங்கள். அந்தத் தீனிக்கு ரக்கூன் வரும், ரக்கூனுக்கு மலைச்சிங்கம் வரும்.

இரவில் நாயை வெளிக்குக் கூட்டிச்செல்ல நேர்ந்தால் முதலில் விளக்கைப் போட்டு, சில நொடிகள் உரக்கப் பேசிவிட்டு, பிறகு குட்டையான வாரில் பிடித்தபடி செல்லுங்கள். நீட்டிச் சுருங்கும் வகை வாரை மலையடிவாரத்தில் தவிர்த்துவிடலாம். 2022 நவம்பரில் முதுமையும் நோயும் கண்டிருந்த பி-22, ஹாலிவுட் குன்றுப் பகுதியில் வாரில் நடந்துகொண்டிருந்த சிறு நாயைப் பறித்துக் கொன்றது. அடுத்த மாதம் அதைப் பிடித்துப் பரிசோதித்தவர்கள் குணப்படுத்த முடியாத காயங்களையும் நோய்களையும் கண்டு, 17ஆம் தேதி கருணைக்கொலை செய்தார்கள். பத்தாண்டுகள் அந்த நகரம் தன்னுடையதாகக் கொண்டாடிய விலங்கு அது; நான் உட்படப் பலரும் அன்று உண்மையாகவே வருந்தினோம்.

ஆட்டுக் கொட்டில்

ஓரிரு ஏக்கர் நிலத்தில் நான்கைந்து ஆடுகளை வளர்க்கும் வீடுகளில்தான் இழப்பு மிகுதி. பெரிய பண்ணைக்காரர் காவலுக்கு ஏற்பாடு செய்துவிடுகிறார். ஆசைக்கு வளர்ப்பவர் வேலி ஒன்றே போதும் என்று நினைத்துவிடுகிறார். வேலி போதாது. கூரை வேண்டும்.

இரவுக் கொட்டில் நான்கு பக்கமும் மேலேயும் மூடியதாக இருக்க வேண்டும். பக்கங்களுக்குப் பற்றவைத்த கம்பி வலையைப் பயன்படுத்துங்கள். அறுகோணக் கண்ணுள்ள மெல்லிய கோழிவலை கோழியை உள்ளே நிறுத்துவதற்கு உரியது. மலைச்சிங்கம் அதை ஓர் இழுப்பில் கிழித்துவிடும். வலையைக் கம்பத்தின் உட்புறமாக அடித்தால் வெளியிலிருந்து தள்ளும்போது ஆணி பிடுங்கிக்கொண்டு வரும். ஆகவே வெளிப்புறமாக, அகலமான வாஷர் வைத்துத் திருகாணியால் முடுக்க வேண்டும். கூரை, 60 கிலோ எடை மேலிருந்து குதித்தாலும் தொய்ந்து வழிவிடாத அளவுக்கு வலுவாக இருக்க வேண்டும். வெறும் வலையை இழுத்துக் கட்டுவதைவிடக் குறுக்குச் சட்டங்கள் கொடுத்து அவற்றின்மேல் வலையோ தகரமோ அமைப்பதே சரி. கதவுக்குக் கொக்கி மட்டும் போடாமல் தாழ்ப்பாளும் இடுங்கள். கொட்டிலுக்குமேல் கவிந்த மரக்கிளைகளை வெட்டிவிடுங்கள். சூரியன் மறைவதற்குள் எல்லா ஆடுகளும் உள்ளே போயாக வேண்டும். ஒரே ஒரு மாலை மறந்தாலும் மற்ற நாட்களின் உழைப்பு வீணாகும்.

பாதி மூடிய கொட்டில், திறந்த மேய்ச்சல் நிலத்தைவிட மோசமானது என்பதை வலியுறுத்திச் சொல்கிறேன். காட்டில் மலைச்சிங்கம் ஒரு மானைப் பிடிக்கும்போது மற்றவை சிதறி ஓடிவிடுகின்றன. வேட்டை அதோடு முடிகிறது. அடைப்புக்குள் ஓட வழியில்லாமல் ஆடுகள் சுற்றிச் சுற்றி மோதிக்கொள்ளும்போது, அந்த அசைவே அதன் கொல்லும் உணர்வை மீண்டும் மீண்டும் தூண்டுகிறது. 2016 நவம்பரில் மாலிபுவில் பி-45 என்னும் ஆண், ஒரே பண்ணையில் கம்பளிக்காக வளர்க்கும் அல்பாக்கா என்னும் விலங்குகள் பத்தைக் கொன்றது இப்படித்தான். அதைக் கொல்ல அனுமதி வழங்கப்பட்டபோது பொதுமக்களிடம் பெரும் எதிர்ப்பு எழுந்தது. அடுத்த ஆண்டில் மீன் மற்றும் வனவிலங்குத் துறை அந்தப் பகுதிக்கான விதியை மாற்றியது. முதலிலும் இரண்டாம் முறையும் இழப்பு நேர்ந்தால், கொட்டிலைச் சீர்படுத்துவதோடு விலங்கைக் காயமின்றி விரட்டுவதற்கு மட்டுமே அனுமதி. அவற்றையெல்லாம் செய்த பிறகும் மூன்றாம் முறை நேர்ந்தால்தான் கொல்லும் அனுமதி பற்றிய பேச்சு. 2020இல் இவ்விதி தென் கலிபோர்னியா, நடுக் கடற்கரைப் பகுதிகளுக்கும் விரிவாக்கப்பட்டது.

மந்தை பெரிதாக இருந்து எல்லாவற்றையும் அடைக்க முடியாவிட்டால் கிரேட் பிரனீஸ், அனடோலியன் ஷெப்பர்ட் போன்ற காவல் நாய்களை, தனியாக விடாமல் இணையாக, குட்டியிலிருந்தே ஆட்டோடு பழக்கி வளர்க்கலாம். ஒழுங்கின்றி வெவ்வேறு நிறத்தில் மின்னும் இரவு விளக்குகளும் பயன் தருகின்றன. சிலியின் மேட்டுநிலத்தில் லாமா, அல்பாக்கா மந்தைகளில் அவற்றைச் சோதித்தபோது, விளக்கு வைத்த மந்தைகளைப் பியூமா தாக்கவில்லை. ஒரே இடத்தில் மாதக் கணக்கில் விட்டுவைத்தால் விலங்கு பழகிவிடும் என்பதால், சில நாட்களுக்கு ஒருமுறை இடத்தையும் உயரத்தையும் மாற்றுங்கள்.

நடைபாதையில்

மலைச்சிங்கம் பெரிதும் நடமாடுவது அந்தியிலும் இரவிலும் விடியற்காலையிலும்தான். ஊரிலிருந்து வந்து தங்கும் பெற்றோர், ஐந்தரை மணிக்கே எழுந்து தனியாக நடக்கப் போகும் வழக்கத்தை இங்கேயும் தொடர்வார்கள். குன்றுப் பாதையை நன்கு விடிந்தபின் வைத்துக்கொண்டு, விடியலுக்கு முன் தெருவிளக்குள்ள சாலையில் நடக்கும்படி அவர்களிடம் சொல்லுங்கள். இருவராக, பேசிக்கொண்டே போவது சிறந்தது. காதில் ஒலிக்கருவி பொருத்திக்கொண்டு நடக்க வேண்டாம். குழந்தைகள் முன்னே ஓடுவதும் பின்தங்கிப் பூப்பறிப்பதும் கூடாது. பெரியவர் ஒருவர் முன்னும் ஒருவர் பின்னுமாக, நடுவில் குழந்தைகள் என்ற வரிசையைப் பழக்கிவிட்டால் அவர்களே அதை விளையாட்டாக எடுத்துக்கொள்வார்கள்.

பாதை ஈரமாக இருந்தால் தடங்களைக் கவனியுங்கள். நாயின் தடம் நீள்வடிவில், நகக்குறியோடு இருக்கும். மலைச்சிங்கத்தின் தடம் வட்டமாக, எட்டு முதல் பத்து சென்டிமீட்டர் அகலத்தில், நகக்குறி இல்லாமல் இருக்கும். உள்ளங்கால் திண்டின் பின்விளிம்பு மூன்று மடலாகப் பிரிந்திருப்பதே நிச்சயமான அடையாளம். இலைச்சருகும் மண்ணும் குவித்து மூடப்பட்ட மானின் உடல் கண்ணில் பட்டால் அருகே செல்லாதீர்கள். இரையைச் சேமித்துவைத்த விலங்கு பெரும்பாலும் பக்கத்திலேயே படுத்திருக்கும். பேசிக்கொண்டே வந்த வழியில் திரும்பிவிடுங்கள். புள்ளியுள்ள குட்டிகளைப் பார்த்தாலும் அப்படியே.

எதிரே நின்றால்

ஓடாதீர்கள். இதைவிட முக்கியமான விதி வேறில்லை. 2018 மே மாதம் வாஷிங்டன் மாநிலத்தில் நார்த் பெண்ட் அருகே மிதிவண்டியில் சென்ற இருவரை ஒரு மலைச்சிங்கம் பின்தொடர்ந்தது. இருவரும் இறங்கிக் கத்தியும் வண்டியால் அடித்தும் அதை விரட்டினார்கள், அது போய்விட்டது. பிறகு திரும்பி வந்து ஒருவரைக் கவ்வியபோது மற்றவர் ஓட, அது பிடித்தவரை விட்டுவிட்டு ஓடியவரைத் துரத்திக் கொன்றது.

முகத்தை அதன் பக்கமாகவே வைத்துக்கொண்டு, கண்ணை எடுக்காமல், நிமிர்ந்து நில்லுங்கள். சிறு குழந்தையைத் தூக்கிக்கொள்ள வேண்டும், ஆனால் குனியக்கூடாது. குனிந்த மனித உருவம் நாற்கால் இரையின் உருவத்தை ஒத்துவிடுகிறது. பார்வை விலங்கின்மேல் இருக்க, முதுகை வளைக்காமல் முழங்காலை மட்டும் மடக்கி, ஒரு கையால் குழந்தையின் அக்குளைப் பற்றி மேலே இழுங்கள். இதை வீட்டுக் கூடத்தில் ஓரிரு முறை செய்து பார்த்துவிடுவது நல்லது. கைகளை உயர்த்தி உருவத்தைப் பெரிதாக்குங்கள். மேற்சட்டையை விரித்துப் பிடிக்கலாம். அம்மாவோ பாட்டியோ உடனிருந்தால் சேலை முந்தானையையோ சால்வையையோ இரு கைகளாலும் தலைக்குமேல் விரிக்கலாம். கீச்சென்று அலறாமல், அடிக்குரலில், அதட்டும் தொனியில் உரக்கப் பேசுங்கள். மனிதக் குரலுக்கு அது அஞ்சும் என்பதை நினைவில் கொள்ளுங்கள். முதுகு காட்டாமல் மெல்லப் பின்வாங்கி, அது விலகிப் போவதற்கு வழி விடுங்கள்.

2020 அக்டோபரில் யூட்டா மாநிலத்தில் புரோவோ அருகே ஓட்டப்பயிற்சி செய்த ஒருவர் குட்டிகளைக் கண்டு நின்றுவிட, தாய் அவரை ஏறத்தாழ ஆறு நிமிடங்கள் தொடர்ந்து வந்தது. முன்னங்கால்களை அகல விரித்து, சீறி, பலமுறை பாய்வது போல வந்து வந்து நின்றது. அவர் ஒருமுறைகூட முதுகைக் காட்டவில்லை. கத்திக்கொண்டே பின்னோக்கி நடந்தார். கடைசியில் ஒரு கல்லைக் குனிந்து எடுத்து எறிந்ததும் அது திரும்பி ஓடிவிட்டது. குட்டிகளிடமிருந்து அவரைத் தொலைவுக்கு அனுப்புவதே அந்தத் தாயின் நோக்கம் என்று கொள்வதுதான் பொருத்தம். பதறியிருந்தால் முடிவு வேறாகியிருக்கும். கல்லோ கழியோ எடுக்க வேண்டுமானால் முழுதாகக் குனியாமல் கைக்கெட்டுவதை எடுங்கள். தண்ணீர்ப் புட்டியை எறிந்தாலும் சரி.

கரடிக்கான மிளகுத் தெளிப்பான் மலைச்சிங்கத்தின் மீதும் வேலை செய்யும். அதைப் பையின் அடியில் போடாமல் இடுப்பில் மாட்டிக்கொள்ள வேண்டும். யோசெமிட்டி தேசியப் பூங்காவில் அதற்குத் தடை உண்டு.

அது பாய்ந்தேவிட்டால் போராடுங்கள். செத்தது போலக் கிடப்பது இந்த விலங்கிடம் பயன்படாது. நின்றுகொண்டே இருக்கப் பாருங்கள். கழுத்தையும் பிடரியையும் கைகளால் காத்துக்கொண்டு, கண்ணையும் மூக்கையும் குறிவைத்து அடியுங்கள். மேலே சொன்ன கலபாசாஸ் சிறுவனைத் தாய் வெறுங்கையால் மலைச்சிங்கத்தைக் குத்தி மீட்டார். பிறரைத் தாக்கும்போதும் அருகிலிருப்பவர் உடனே இறங்கி அடிக்க வேண்டும். தாக்கப்பட்டவர்கள் பிழைத்ததற்கு இதுவே பெரும்பாலும் காரணமாக இருந்திருக்கிறது.

பார்த்த பிறகு

கேமராவில் கண்டதும் முதலில் அது எந்த விலங்கு என்று பாருங்கள். வால் குட்டையாக இருந்தால் அது பாப்கேட் எனப்படும் சிறு காட்டுப்பூனை. உடலில் பாதிக்கு மேல் நீண்டு, நுனி கறுத்த வால் இருந்தால் மலைச்சிங்கம். இரவில் கடந்து போவது நெருக்கடி அன்று. அது தன் எல்லையில் சுற்றி வருகிறது, அவ்வளவுதான். நாள், நேரம், இடம், அது செய்துகொண்டிருந்தது ஆகியவற்றைக் குறித்து, மீன் மற்றும் வனவிலங்குத் துறையின் இணையவழிப் பதிவில் சேர்த்தால் போதும். பகல் வேளையில் பள்ளிக்கூடம், விளையாட்டுத் திடல் போன்ற இடங்களில் விலகாமல் நின்றாலோ, மனிதரை நோக்கி வந்தாலோ 911 எண்ணை அழையுங்கள். அதிகாரிகள் வரும்வரை கூட்டம் சேர விடாமல், அனைவரையும் உள்ளே அனுப்பி, விலங்கு வெளியேற ஒரு பக்கத்தைத் திறந்துவையுங்கள். 2012 டிசம்பரில் ஹாஃப் மூன் பே ஊரில் ஒரு வீட்டுத் தளத்துக்கு அடியில் ஒளிந்திருந்த இரண்டு குட்டிகள் சுட்டுக் கொல்லப்பட்டதை அடுத்து, உடனடி அபாயம் விளைவிக்காத மலைச்சிங்கத்தைக் கொல்லாத முறைகளாலேயே கையாள வேண்டும் என்று மறு ஆண்டில் சட்டம் வந்தது. அதிகாரிகள் அப்படிக் கையாள, நாம் கூடி நிற்காதிருப்பதே முதல் உதவி.

ஆடோ நாயோ பறிபோயிருந்தால் உடலை உடனே அப்புறப்படுத்த வேண்டாம். தார்ப்பாயால் மூடி, சுற்றிலும் உள்ள தடங்களைக் கால்படாமல் காத்து, அருகில் அளவுகோல் வைத்துப் படம் எடுத்துவிட்டு, துறைக்குத் தெரிவியுங்கள். கொன்றது நாய்க்கூட்டமா, சிறு ஓநாய் போன்ற கயோட்டியா, மலைச்சிங்கமா என்பதை அவர்கள் கழுத்திலுள்ள பல் தடங்களின் இடைவெளியைப் பார்த்துச் சொல்வார்கள். 1990இல் மக்கள் வாக்களித்து நிறைவேற்றிய சட்டத்தின்படி மலைச்சிங்கம் சிறப்புப் பாதுகாப்புப் பெற்ற விலங்கு. அனுமதியின்றி அதைக் கொல்வது குற்றம். வளர்ப்பு விலங்கைத் தாக்கிக்கொண்டிருக்கும் அந்தக் கணத்தில் உரிமையாளர் கொல்ல நேர்ந்தால் மட்டுமே விலக்கு உண்டு. அதையும் 72 மணி நேரத்துக்குள் தெரிவித்தாக வேண்டும். அதிகாரி பார்த்துச் சென்றதும் உடலை அன்றே அகற்றி, மிஞ்சிய விலங்குகளை வீட்டோடு ஒட்டிய மூடிய அறைக்கோ கார்க் கொட்டகைக்கோ மாற்றி, கூரையைச் சீர்செய்யும் வேலையைப் பொழுது சாய்வதற்குள் தொடங்கிவிடுங்கள். இரையை விட்டுச்சென்ற இடத்துக்கு அது பெரும்பாலும் அடுத்த இரவே திரும்பி வரும்.